ராஜா ஏறாத கார்

மகனே,

இந்தக் கடிதத்தை ஒட்டாத உறையில் வைத்து அனுப்புகிறேன். வழியில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஊரே பார்க்கப் பலகை எழுதி நட்டவன் நீ. உனக்கு எழுதுகிற பதிலை மட்டும் நான் எதற்கு ஒட்டி மறைக்க வேண்டும்? வழக்கமாக உன்னை ‘சாமி’ என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இப்போது அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது. சௌக்கியமா என்று கேட்கவும் தோன்றவில்லை. நன்றாகத்தான் இருப்பாய். மாட்டிக்கொள்கிற வரைக்கும் பொய் சொல்கிறவர்கள் எல்லாருமே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டில் உனக்கு நிச்சயம். அதற்கு நாங்கள் எப்படி வர வேண்டும் என்று முந்தாநாள் போனில் பாடம் நடத்தினாய். கோயமுத்தூரிலிருந்து காரைக் கொண்டுவந்து, வெண்ணந்தூரில் என்னையும் அப்பாவையும் ஏற்றிக்கொள்வாயாம். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வர வேண்டுமாம். பெண் வீட்டுச் சனம் காரைச் சுற்றி நின்று விசாரித்தால், ராஜா என் மாமனாருக்குப் பரிசாகக் கொடுத்த கார் என்று சொல்ல வேண்டுமாம். “நீ ஒண்ணும் பெருசாப் பேச வேண்டாம்மா. கேட்டா ஆமாங்கன்னு மட்டும் சொல்லு, போதும்,” என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என் நாக்கு நுனியில் வந்து நின்ற வார்த்தைகள்தான் பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இல்லை.

எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. போன மாதம் பழைய கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் காட்டிய இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாயே, அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பச்சை நிறத்தில் நம் வீட்டிலிருந்து புதுப்பிக்கப் பட்டறைக்குப் போன வண்டி, கருஞ்சிவப்பில் பளபளவென்று நின்றது. பின்னாலிருந்த மரப்பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் தோல் சீட்டும் ஜன்னலுக்குத் திரையும். சரி, பிள்ளை ஆசை, செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் முன்னால் இருந்த பலகையைப் படித்தேன். முதல் உரிமையாளர் ஒரு வெள்ளைக்காரர் என்று போட்டிருந்தாய். அது மெய். அடுத்தவர் பெயர் இல்லாத ஒரு ராஜா. அவர் நட்பின் அடையாளமாக உன் தாத்தாவுக்கு அன்பளிப்பாகத் தந்தாராம். அன்றிலிருந்து ‘எங்கள் குடும்பத்தின் கார் ஷெட்டில் வெயில் படாமல் பாதுகாக்கப்பட்டது’ என்று முடித்திருந்தாய். வெயில் படாமலா? அப்படியென்றால் அத்தனை வருஷம் அந்தக் கிளட்சை மிதித்தது யார், பேயா?

உன் தாத்தா ராஜாவைப் பார்த்தது தெருக்கூத்தில்தான். இந்தக் காரில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறச் சொன்னால், அதெல்லாம் எதற்கு, பஸ் வருகிறதே என்பார். உண்மையான வரலாறு உனக்குத் தெரியும், ஆனாலும் மறந்துபோன மாதிரி நடிக்கிறாய் என்பதால் நானே எழுதுகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் தருவித்த வண்டி அது. அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் கார்களுக்குக் கம்பெனி என்ஜினையும் சேசிஸையும் மட்டும்தான் கொடுக்குமாம். மேலே உடம்பு கட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு. அவர் மெட்ராசில் ஒரு பட்டறையில் விட்டு, மரத்தில் சட்டம் அடித்து, அதன்மேல் தகடு போர்த்திக் கட்டிக்கொண்டார். டிரைவருக்கும் பின்னால் உட்காரும் எஜமானருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. எஜமானர் உத்தரவு போடுவதற்கு அதில் ஒரு பேசுகுழாய். முன்னால் பானெட்டின் மேல் ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு நீளம். எல்லாவற்றையும் யோசித்தவர்கள், அவ்வளவு நீள வண்டி ஏற்காட்டு மலையின் கொண்டை ஊசி வளைவில் திரும்புமா என்று மட்டும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பித் திருப்பி வெறுத்துப்போய், சேலத்து மில் முதலாளி ஒருவர் தலையில் கட்டிவிட்டார். அவர் பிள்ளைகள் பாகம் பிரித்தபோது கார் யாருக்கென்று முடிவாகாமல் புளியமரத்தடியில் நின்றது. அப்புறம் ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் வாங்கி, மேலே லவுட் ஸ்பீக்கரைக் கட்டி, படம் மாறிய சேதியை ஊர் ஊராகச் சொல்ல அனுப்பினார். கொட்டகையை மூடியபிறகு நாமக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் உன் அப்பா பார்த்தார். இதில் ராஜா எங்கே வந்தார்? டாக்கீஸ்காரர் போட்ட படத்தில் வேண்டுமானால் வந்திருப்பார்.

உன் அப்பா அப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. நம் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒரு என்ஜின் வேண்டும் என்றுதான் அந்தக் காரையே வாங்கினார். என்ஜினைக் கழற்றிக் கிணற்றடியில் வைத்தார். வெள்ளைக்காரருக்கென்று செய்த என்ஜின், நம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியது. மிச்சத்தை வெட்டி விற்றுவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் முன்பாதி அவ்வளவு திடமாக இருந்தது. பின்பாதி மரத்தை மட்டும் புளியமரத்தடியிலேயே கரையான் தின்றிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, வாகை மரத்தில் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, தார்ப்பாய் கட்டக் கொக்கி வைத்து, பின்னால் சங்கிலி போட்ட பலகை வைத்து, லாரிக்குக் கட்டுகிற மாதிரியே ஒரு பெட்டி கட்டினார். முன்னால் ஒரு ஜீப்பின் டீசல் என்ஜினை உட்கார வைத்தார். எதிரே வருகிறவனுக்கு அது மாப்பிள்ளைக் கார், பின்னால் வருகிறவனுக்குச் சரக்கு வண்டி. அதைத்தான் ‘பிற்காலச் சேதம்’ என்று உன் பட்டறைக்காரனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். நாமக்கல் ரோட்டில் வெறும் சேசிஸின்மேல் ஒரு சீட்டைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டிவருவதை நீ பார்த்ததில்லையா? உடம்பு இங்கேதான் கட்டுகிறார்கள். மெட்ராஸ்காரன் செய்ததும் அதே வேலைதான். அவன் மரத்தில் அடித்தால் கலை, உன் அப்பா மரத்தில் அடித்தால் சேதமா?

அந்தப் பெட்டியை என்ன செய்தீர்கள் என்று அங்கே வைத்துக் கேட்டேன். விறகுக்குப் போட்டுவிட்டோம் என்று உன் பட்டறைக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். நீ பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தாய்.  பஸ்ஸில் திரும்பி வரும்போது, சங்ககிரி தாண்டியபிறகு, உன் அப்பா என் பக்கம் திரும்பாமலே, “வாகையைப் போயி எரிச்சாங்களா, அது அடுப்புக்கு ஆகாதே,” என்றார். அவ்வளவுதான்.    அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் அந்த வேலைக்கு இன்னும் வரவில்லை.

பட்டறையில் ஒரு சேசிஸ் சரிந்து அப்பாவின் இடது காலில் விழுந்தது உனக்கு விவரம் தெரியாத வயதில். எலும்பு கூடியது, பாதம் மடங்கவில்லை. பட்டறையில் நிற்க முடியாது, கிளட்சும் மிதிக்க முடியாது. வீட்டில் இருந்ததெல்லாம் கொஞ்சம் வெள்ளாமைக் காடும், இந்த வண்டியும், நீயும். அப்போதுதான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அறுவடை முடிந்த காட்டில் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஊன்றுகோலால் எந்தப் பெடல் என்று தட்டிக் காட்டுவார். நான் தப்பாக மிதித்தால் அதே கோலால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவார். மெட்ராஸ்காரன் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கியிருந்த மரத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அதையும் பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறாய், பார்த்தேன்.

பரமத்தி வேலூரில் சாயங்காலம் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றுவேன். நாமக்கல், ராசிபுரம் வழியாகச் சேலம் மார்க்கெட். வெண்ணந்தூரிலிருந்து வேலூர் வரை இந்த வண்டிக்கு வெத்தலைக்காரு என்றுதான் பெயர். எஜமானருக்கென்று செய்த இடத்தில் ஈரச்சாக்குப் போர்த்திய வெற்றிலை சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நான் டிரைவர் சீட்டில். நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பு உடையாமலே இருந்தது. பின்னால் ஏறிவருகிற, வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்காரர்கள் அந்தப் பேசுகுழாயில் வாயை வைத்து, ஏனுங்கக்கா, மெதுவாப் போங்க, குடல் வெளியே வந்துரும் என்று கத்துவார்கள். உன் படிப்பும், நீ கோயமுத்தூருக்குப் போனதும், இன்றைக்கு நீ ராஜா கதை சொல்வதற்குப் போட்டுக்கொள்கிற கோட்டும் அந்தப் பெட்டியில் வந்த சரக்குதான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கேட்டுக்கு முன்னாலேயே மேட்டில் இறக்கிவிடச் சொல்வாய். உன் சட்டையில் வெற்றிலை வாசம் அடிக்கிறது என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். நானும் மறுபேச்சுப் பேசாமல் மேட்டிலேயே நிறுத்துவேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வெட்கமாக இருக்கிறதம்மா என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய், அதில் ஒரு யோக்கியம் இருந்தது. இப்போது அந்த வெட்கத்துக்கு வர்ணம் அடித்து, கண்காட்சியில் நிறுத்தி, கைதட்டு வாங்குகிறாய். அந்தச் சின்னப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெரிய மனுஷனைப் பிடிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாத சேதி. வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்கி, வாழைச்சருகில் பொதிந்து, நாரால் கட்டுவார்கள். சிலபேர் உள்ளே பழுத்த இலையை வைத்து, சுற்றிலும் மேலேயும் கொழுந்தை வைத்துக் கட்டிவிடுவார்கள். சேலத்தில் கடைக்காரர் பிரித்துப் பார்த்து ஏன் பழுத்திருக்கிறது என்று கேட்டால், வண்டிச் சூட்டில் வெந்துவிட்டது என்று பழி என்மேல் வரும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஏற்றுவதற்கு முன்னால் எந்தக் கட்டையாவது ஒன்றைக் காட்டிப் பிரிக்கச் சொல்வேன். ஒருநாள் ஒரு இளவட்டம், அப்பன் படுத்த படுக்கையாகிப் புதிதாகக் கொடிக்காலைப் பார்த்துக்கொள்ள வந்தவன், சாமி சத்தியமாக எல்லாம் அன்றைக்குக் கிள்ளிய இலை என்று சாதித்தான். பிரிக்கச் சொன்னேன். உள்ளே மஞ்சள். இன்னொன்றைப் பிரிக்கச் சொன்னேன். அதுவும் மஞ்சள். ரோட்டோரம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாக் கட்டையும் அவன் கையாலேயே பிரித்துக் கொட்ட வைத்தேன். “மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு வெச்சுக் கட்டுன கட்டு, என்ற வண்டியில ஏறாது,” என்று சொல்லிவிட்டு, அவன் சரக்கை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவன் முகம் செத்துப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை. மறுநாள் அவனே வந்து, நான் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் கட்டி ஏற்றினான். அதற்கப்புறம் அவன் கட்டை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

இப்போது பெண் பார்க்கப் போன நாளுக்கு வருவோம். ரிக் வண்டி வைத்திருக்கிற வீடு, வாசலில் போர் போடும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, அவர்களாகவே சாதகம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று உனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் கண்காட்சியில் காரைப் பார்த்ததால்தான் என்று போகிற வழியெல்லாம் பெருமையடித்தாய். அங்கே போய் உட்கார்ந்து, காப்பி ஆறுவதற்குள் ராஜா கதையை ஆரம்பித்தாய். ராஜா வேட்டைக்குப் போனதைக்கூடச் சேர்த்துக்கொண்டாய், அது பலகையிலும் இல்லாதது. முதல் தடவை வந்த வீட்டில் மகனை மறுத்துப் பேசக் கூடாதென்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா, தலை நரைத்து உடம்பு பெருத்த மனுஷர், நீ சொல்வதையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். உன்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைத்தான் அடிக்கடி பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நேற்றுக் காலையில் அவர் எனக்குப் போன் செய்தார். “ஏனுங்கக்கா, என்னைய அடையாளமே தெரியிலீங்களா? வேலூர் ரோட்டுல கட்டையெல்லாம் பிரிச்சுக் கொட்ட வெச்சீங்களே, அவனுங்க நானு,” என்றார்.  கொடிக்காலை விட்டுவிட்டு ரிக் தொழிலுக்குப் போய், திருச்செங்கோட்டுக்குக் குடிவந்து காலம் ஆகிவிட்டதாம். கண்காட்சியில் காரின் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாராம். அப்புறம் யாரோ சொல்லி, அந்தக் காரை வைத்திருப்பது வெத்தலைக்கார் அக்காவின் மகன் என்று தெரிந்த பிறகுதான் சாதகம் கொடுத்தனுப்பினாராம். “காரைப் பாத்துப் புள்ளையக் குடுக்க நெனைக்கிலீங்க. ஸ்டியரிங்கப் புடிச்சிருந்த உங்களப் பாத்துத்தானுங்க,” என்றார்.

நீ மறைக்கிறாயே, அதற்காகத்தான் உனக்குப் பெண் வந்தது. இதைப் படிக்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசி. அந்த வண்டியில் வெற்றிலை ஏற்றிய மனுஷரிடமே, அது ஷெட்டை விட்டு இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பேசுகுழாயில் வாய் வைத்துக் கத்தியவரிடம், அதில் ராஜா பேசினார் என்று விளக்கியிருக்கிறாய்.  அவர் போனில் இன்னொன்றும் சொன்னார். ராஜா கதை பெண்ணுக்கும் பொய்யென்று தெரியுமாம். நீயாகச் சொல்வாய் என்று அவளும் காத்திருக்கிறாளாம். “நான் கட்டைப் பிரிக்கிலீங்கக்கா. மாப்பிள்ளையே பிரிப்பாருன்னு பாத்துட்டு இருக்கறனுங்க,” என்றார். பிரிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.  “நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே. ஏத்த மாட்டனுங்க,” என்றார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் சொல்லிவிட்டேன். அவருக்குப் பொறுமை இருக்கிறது, எனக்கு இல்லை. உனக்கு விட்டுவிட்டால் கல்யாணம் முடிந்து பேரன் பிறந்து அவனுக்கும் ராஜா கதையைத்தான் சொல்வாய். அப்பா இதைக் கேட்டதும், சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தால் அதில் என்ன இருக்கிறது என்றார். அவர் சொல்வது சரிதான். பெண்ணின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துகொண்டு, அவரைத் தனியாக ஓரங்கட்டி, மாமா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று குழைந்தால் அது செல்லாது. பொய்யைக் கூட்டத்தில் சொன்னாய், மெய்யையும் கூட்டத்தில் சொல். இரண்டு பக்கத்துச் சனமும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, இது வெற்றிலை ஏற்றிய வண்டி, பெட்டி கட்டியது என் அப்பா, ஓட்டியது என் அம்மா என்று சொல். ராஜா இல்லை என்று சொல். அப்பா கட்டிய பெட்டியை விறகாக்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல். உன் குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அன்றைக்குப் பெண்ணின் அப்பாவும் அத்தனை பேர் பார்க்கத்தான் கட்டைப் பிரித்தார்.

காரைக் கொண்டுவராதே என்று சொல்ல மாட்டேன். கொண்டுவந்து வாசலில் நிறுத்து. நாங்கள் அதில் ஏற மாட்டோம். ராசிபுரத்தில் பஸ் ஏறி வந்துவிடுவோம், அப்பாவுக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டுக் கிடைத்தால் போதும். தட்டு மாற்றும்போது நம் பக்கத்துத் தட்டு என் கையில் இருக்கும். அதில் வைக்கிற வெற்றிலையை நான் வேலூருக்கே போய் வாங்கிவருகிறேன், பிரித்துப் பார்த்து. நீ பேசி முடிக்கிற வரைக்கும் அந்தத் தட்டு யார் கைக்கும் போகாது. நல்ல நேரம் தாண்டினாலும் போகாது. நீ பேசாமல் உட்கார்ந்திருந்தால், தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். யாரோ பெற்ற பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தவள்தான் நான். நான் பெற்றது என்பதற்காக ஏற்றிக்கொள்வேன் என்று நினைக்காதே.

உன் பலகையில் பெயரில்லாத டிரைவர்,
அம்மா